சாவியைக் கேட்டு வாங்குவது

சாந்தகுணத்தைப் பற்றிக் கோயிலில் போடும் பங்கு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று எங்கள் புது ஃபாதர் என்னைக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற என் மனைவி ரோஸ்மேரி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஃபாதர், இவரு கத்துற கத்துக்கு எங்க தெருவுல நாய்கூடப் படுக்காது" என்றாள். ஃபாதர் விடவில்லை. "இத்தன வருசம் லாரிக்காரங்களோட மல்லுக்கட்டியிருக்கீங்க. எப்படிப் பொறுமையா இருந்தீங்கன்னு எழுதுங்க, போதும்" என்றார். நான் பொறுமையாக இருந்தேன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொங்கலுக்கு முன்னால் நான் வேலை பார்த்த சுரங்கத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். இப்போது கேட்டில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். குடித்திருக்கிறானா என்று பார்க்க டிரைவர் அதில் ஊத வேண்டும். பச்சை எரிந்தால் தடுப்புக் கம்பி தானாகத் தூக்கிக்கொள்ளும். சிவப்பு எரிந்தால் தூக்காது. அவ்வளவுதான். என் இடத்தில் இப்போது இருக்கும் குமரவேல், "இப்பல்லாம் யாரும் யாரையும் மூஞ்சிக்கு நேரா எதுவும் சொல்ல வேண்டியதில்லண்ணே. நிம்மதி" என்றான். நிம்மதியாம்! எனக்கு அங்கேயே எரிச்சல் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் சவரிமுத்து. அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பெரம்பலூரில் இருக்கிறேன். முதலில் எடை மேடையில் லாரி எடை போட்டேன். பிறகு ஸ்டோரில் கொஞ்ச காலம். அங்கே யாரோடும் ஒத்துப்போகவில்லை என்று கேட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் சுரங்கத்தை விட்டு ரோட்டுக்கு ஏறும் கேட் அது. வண்டியின் டயர், பிரேக், மேலே போட்ட தார்ப்பாய் எல்லாவற்றையும் பார்த்து, டிரைவர் முகத்தையும் பார்த்து, கம்பியைத் தூக்கி விட வேண்டும். குடித்தவனையும் தூங்கி வழிபவனையும் விடக் கூடாது. அந்த ரோடு மூன்று ஊர்களுக்கு நடுவே போகிறது. ஓரத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். வேலை இவ்வளவுதான் என்று கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஒரு டிரைவரைப் பார்த்து, இன்று நீ வண்டி எடுக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

என் மேலதிகாரி தேவசகாயம் சார் என்னைவிட வயதில் சின்னவர். டிப்ளமா படித்தவர். நானும் கிறிஸ்தவன், அவரும் கிறிஸ்தவர், ஒரே கோயில். அதனால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமில்லை. "அவரும் உங்க ஆளுதானே, எப்படிப் பேசுறாரு பாரு" என்று ஆளாளுக்கு என்னிடம் சொல்லுவார்கள். கிறிஸ்தவன் என்றால் வாங்கிக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பான் என்று ஒரு நினைப்பு வேறு ஊரில் இருக்கிறது. என்னைத் திட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டவர்கள், ஏதோ நான் அவர்களை ஏமாற்றிவிட்டது போல் பார்ப்பார்கள்.

தேவசகாயம் சார் ஒரு வண்டியை நிறுத்தும் முறையைப் பார்த்தால் யாருக்கும் பொறுமை போய்விடும். எங்களைப் போல் படியில் ஏறி ஜன்னலில் தலையை விட மாட்டார். டிரைவர் பக்கம் சுற்றி வந்து கீழே மண்ணில் நிற்பார். லாரி உயரமானது, டிரைவர் அவரைக் குனிந்து பார்க்கும்படி இருக்கும். முதலில் இன்ஜினை நிறுத்தச் சொல்லுவார், சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டுப் பேசக் கூடாது என்பார். பெயர் சொல்லி, அண்ணே என்று கூப்பிட்டு, எப்போது தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். நேற்று செய்த தப்பை இன்று எடுக்க மாட்டார். வண்டி போகக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால், "சாவியக் குடுங்கண்ணே" என்று சொல்லிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடிக்கும். அவர் பாட்டுக்கு நிற்பார்.

ஆனால் ஒன்று. எவ்வளவு தணிந்து பேசினாலும் கம்பியை மட்டும் தூக்க மாட்டார். ஒருமுறை லாரி ஒப்பந்தக்காரர் காரில் வந்து இறங்கி, சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் பேசினார். சார் அத்தனையையும் கேட்டுவிட்டு, "கம்பியத் தூக்க முடியாதுங்க" என்றார். அவர் இன்னும் பேசினார். சார் மறுபடி, "கம்பியத் தூக்க முடியாதுங்க." குரல் கொஞ்சமும் ஏறவில்லை. எனக்கு ஒப்பந்தக்காரர் மேல் வந்த கோபத்தைவிட சார் மேல் வந்த கோபம்தான் அதிகம். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் என்ன?

கலியபெருமாள் கதையைச் சொல்லாமல் முடியாது. அவர் உடையார்பாளையம் பக்கத்து டிரைவர், நல்ல மனிதர், நடைக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் தூங்காமல் நடை மேல் நடை அடிப்பார். ஒருநாள் கேட்டில் வண்டி நிற்கும்போதே தலை ஸ்டியரிங்கில் சாய்ந்துவிட்டது. நான் படியில் ஏறி, கையை உள்ளே விட்டுச் சாவியைப் பிடுங்கினேன். அவர் விழித்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அடுத்த நிமிடம் பின்னால் நின்ற எல்லா வண்டியும் இன்ஜினை அணைத்துவிட்டன. டிரைவரிடமிருந்து சாவியைப் பிடுங்குவதும் அவன் கன்னத்தில் அறைவதும் அவர்களுக்கு ஒன்றுதான். சிமென்ட் ஆலைக்குக் கல் போகவில்லை. மேலிருந்து போன் மேல் போன்.

தேவசகாயம் சார் நடந்து வந்தார். ஓடி வரக்கூட இல்லை.

"சவரி அண்ணே, சாவிய அவருகிட்டக் குடுங்க."

"சார், தூங்கி வழியுறாரு சார்!"

"தெரியுது. குடுங்க. குடுத்துட்டு, புடுங்குனது தப்புன்னு சொல்லுங்க."

"தப்பே இல்ல சார்."

"நிறுத்துனது தப்பில்லண்ணே. புடுங்குனதுதான் தப்பு."

அத்தனை டிரைவர்கள் பார்க்க நான் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். புடுங்குனது தப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். உடனே சார் கீழே நின்று, "கலியபெருமாளண்ணே, இப்ப சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது? அதே சாவி, அதே ஆள். கொடுத்துவிட்டு மறுபடி கேட்கிறார். நல்ல வெயில். கலியபெருமாள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சார் கையை மடக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "வெயில்ல நிக்காத சார்" என்று சொல்லி அவரே சாவியை உள்ளங்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போய் ஷெட்டில் படுத்தார்.

இப்போதும் சொல்கிறேன், அன்று நான் செய்ததில் எனக்கு வருத்தமில்லை. வண்டி நின்றது, அதுதான் வேண்டியது. ஆனாலும் அதற்குப் பிறகு நான் கேட்டுத்தான் வாங்கினேன். பிடுங்கினால் லாரியெல்லாம் நின்றுபோய் எனக்குத்தான் தலைவலி. சாந்தம் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

இனி அடைக்கலராஜ் விஷயத்துக்கு வருகிறேன். அவன் ரோஸ்மேரியின் தம்பி, என் மச்சினன். உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் வீடு. எங்கள் சுரங்கத்தில்தான் ஒப்பந்தக்காரரிடம் டிப்பர் ஓட்டினான். நல்ல கைப்பழக்கம் உள்ள டிரைவர். சர்க்கரை வியாதி இருந்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரியாது.

கல் ஏற்றும் இடத்தில் வண்டிகளுக்கு வரிசை உண்டு. டிரைவர் இல்லாத வண்டியை ஓரம் கட்டச் சொல்லி அடுத்த வண்டி முன்னே போய்விடும். அதனால் யாரும் இறங்கிச் சாப்பிடப் போக மாட்டார்கள். ஆலையில் கல்லைக் கொட்டிவிட்டு வந்துதான் காலைச் சாப்பாடு. மற்றவர்களுக்கு வயிறு காயும், அவ்வளவுதான். அடைக்கலம் காலையில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து, அந்த வரிசையில் பட்டினியாக உட்கார்ந்திருப்பான். யார் சொல்லியும் கேட்க மாட்டான்.

அன்று தேவசகாயம் சார் ஏதோ பயிற்சிக்குத் திருச்சி போயிருந்தார். கேட்டில் நானும் செக்யூரிட்டி மாணிக்கமும்தான். அடைக்கலத்தின் வண்டி கல்லோடு வந்தது. வந்த விதமே சரியில்லை, கம்பியை இடிக்கிற மாதிரி வந்து நின்றது. மாணிக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு சார். பேச்சு கொழறுது. நல்லா ஊத்திக்கிட்டு வந்துருக்காரு" என்றான்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. என் வீட்டு ஆள், என் கேட்டில், காலை நேரத்தில், ஊரே பார்க்கக் குடித்துவிட்டு வந்திருக்கிறான்! இழுத்துக் கீழே போட்டு மிதிக்க வேண்டும் என்றிருந்தது. ஆனால் பின்னால் இருபது வண்டி நிற்கிறது. பிடுங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் சுற்றி வந்து மண்ணில் நின்றேன்.

"மாப்ள, இன்ஜின ஆஃப் பண்ணு."

"கம்பியத் தூக்கு."

"ஆஃப் பண்ணு மாப்ள. ஒரு வார்த்த பேசணும்."

அணைத்தான். அணைத்துவிட்டு ஆரம்பித்தான். "நீயெல்லாம் ஒரு மனுசனா? கோயில்ல மைக்கு முன்னாடி நின்னு வாசகம் வாசிக்கிற. இங்க வந்து நாய் மாதிரி கொலைக்கிற. எங்கக்கா ஒன்ன கட்டிக்கிட்டு ஒரு நாளு நிம்மதியா இருந்துருக்காளா?" எல்லா டிரைவரும் கேட்டார்கள். ஒருவன் சிரித்தான். திருப்பிச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. அவன் குடும்பத்து விஷயம் எனக்குத் தெரியாதா? நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கினேன். பக்தியால் விழுங்கவில்லை. பதில் சொன்னால் அவன் இன்ஜினைப் போட்டுவிடுவான் என்ற பயத்தால் விழுங்கினேன்.

"சாப்டியா மாப்ள?" என்று கேட்டேன்.

அவன் கம்பியையே வெறித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது, பேச வேறொன்றும் இல்லாதபோது, பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர என்ன வேலை? வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. உதடு வெளுத்திருந்தது. சாராய வாடை கொஞ்சம்கூட இல்லை. மறுபடி கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்து, "இது எந்த ஊரு?" என்றான்.

இது குடி இல்லை. சர்க்கரை இறங்கி அவன் மயக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். "சாவியக் குடு மாப்ள" என்று கையை நீட்டினேன். அவன் சாவியை உருவி முழு வேகத்தில் என் மேல் எறிந்தான். இடது கன்னத்தில் பட்டுக் கீறியது. மறு கன்னத்தைப் பற்றி யோசிப்பவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டாம். அவனிடம் இருந்தது ஒரே சாவி.

அதற்குள் அவன் சாய்ந்துவிட்டான். நானும் மாணிக்கமும் கதவைத் திறந்து இறக்கினோம். கலியபெருமாள் ஓடி வந்து காலைப் பிடித்தார். முதலுதவி அறைக்குத் தூக்கிப் போனோம், அங்கே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "என் வண்டிய யாரு ஓரம் கட்டுனது?" என்று சண்டைக்கு வந்தான். கேட்டில் நடந்தது ஒன்றும் அவனுக்கு நினைவில்லை.

குமரவேலின் குழாயில் அவன் ஊதியிருந்தால் பச்சைதான் எரிந்திருக்கும்.

இத்தோடு முடிந்திருந்தால் நானே சந்தோஷமாகப் பங்கு மலருக்கு எழுதிக் கொடுத்திருப்பேன். அன்று மாலை நான் வீட்டுக்குப் போவதற்குள் அடைக்கலம் அக்காவுக்குப் போன் செய்துவிட்டான். முதலுதவி அறையில் இருந்தவரிடமும் பேசி வைத்திருந்தான். வெயிலில் மயங்கினான் என்று நானும் சொன்னால் போதும். சர்க்கரை என்று தெரிந்தால் கம்பெனி டாக்டர் இனிமேல் டிப்பரைத் தொடவே விட மாட்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

"வெயிலுன்னு சொன்னா ஒங்க நாக்கு தேஞ்சிடுமா?" என்று ரோஸ்மேரி கேட்டாள்.

"இன்னொரு நாளும் மயக்கம் வரும் ரோசி. அப்ப கேட்டுக்கு உள்ள வராது, ரோட்டுல வரும்."

"என் தம்பிங்க அவன்."

"தெரியும். வெயிலுன்னு சொல்ல மாட்டேன்."

நான் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் கத்தாமல் சொன்னதுதான் அவளால் தாங்க முடியவில்லை. முடிவு செய்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துபோனது. அழுதுகொண்டே உள்ளே போனாள்.

மறுநாள் காலை தேவசகாயம் சாரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அடைக்கலத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவன் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் போனேன். அவன் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"மாப்ள, இன்னைக்கு சார்கிட்ட உள்ளதச் சொல்லப் போறேன். ஒன்கிட்ட சொல்லாம சொல்லக் கூடாதுன்னு வந்தேன்."

"எதுக்கு வந்த? பாவமன்னிப்புக் கேக்கவா?"

"இல்ல. திட்டணும்னா நேர்ல திட்டு. அதுக்குத்தான் வந்தேன்."

"சாவி கேட்டப்ப குடுத்தேன்னுதானே சொல்றாங்க? அதோட விட்டுட வேண்டியதுதானே?"

"அந்த ரோட்டுல பள்ளிக்கூடம் இருக்குடா."

"என் வூட்லயும் ரெண்டு புள்ள இருக்கு."

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான். உள்ளே அவன் மனைவி அழுவது கேட்டது. வண்டியை நேராகச் சுரங்கத்துக்கு விட்டேன்.

தேவசகாயம் சார் நான் சொன்னதை முழுதும் கேட்டார். "அடைக்கலத்துகிட்ட நான் போயி சொல்லட்டுமாண்ணே?" என்றார். நானே சொல்லிவிட்டு வந்துவிட்டேன் என்றேன். டாக்டர் டிப்பர் ஓட்டக் கூடாது என்று சொன்னார். எடை மேடையில் ஒரு வேலை வாங்கித் தர சார் அலையாய் அலைந்தார். என்னோடு ஒரே இடத்தில் வேலை பார்க்க மாட்டேன் என்று அடைக்கலம் மறுத்துவிட்டான். பிறகு முந்திரி மண்டியில் கூலிக்குச் சேர்ந்தான். அவனுடைய மூத்த பெண் கல்யாணத்துக்கு ரோஸ்மேரி மட்டும் போய் வந்தாள். வந்து ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

ஆகவே ஃபாதர், தணிந்து பேசினால் மனிதர்கள் மனம் மாறிக் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று யாரும் என்னை வைத்துப் பிரசங்கம் செய்ய வேண்டாம். நான் தணிந்துதான் பேசினேன். ஒரு குடும்பம் உடைந்தது. கத்தியிருந்தாலும் உடைந்திருக்கும், சந்தேகமில்லை. அப்படியானால் தணிந்து பேசி என்ன கண்டேன் என்று இத்தனை வருடம் எரிச்சலோடு யோசித்திருக்கிறேன்.

போன மாதம் ரோஸ்மேரியின் சித்தப்பா இறந்துபோனார். உடையார்பாளையத்தில் அடக்கம். அந்த ஊர் ஃபாதர் வேறொரு அடக்கத்துக்குப் போய்விட்டார், வரத் தாமதமானது. மதியம் தாண்டியும் சவப்பெட்டி பந்தலில் இருந்தது. எடுக்கும் வரை சொந்தக்காரர்கள் யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நானும் பசியோடு ஒரு நாற்காலியில் இருந்தேன். பந்தல் ஓரத்தில் அடைக்கலம் இருந்தான். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். திறந்து, இட்லியைப் பிட்டுச் சாப்பிட ஆரம்பித்தான்.

என் பக்கத்திலிருந்த வெள்ளைச் சட்டைக்காரர், தூரத்துச் சொந்தம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "பொணம் கெடக்கு. அதுக்குள்ள திங்கிறான் பாரு. ஒரு நாளு வயித்தக் கட்ட முடியாது?"

நான் எழுந்துவிட்டேன். "யோவ்! அவன் சக்கர நோயாளிய்யா! வேளைக்குச் சாப்பிடலன்னா இன்னொரு பெட்டியும் சேத்துச் சொல்லணும், தெரியுமா? தெரியாதுன்னா வாய மூடிக்கிட்டு ஒக்காரு!" என்று போட்ட சத்தத்தில் பந்தல் முழுக்கத் திரும்பியது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ரோஸ்மேரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு நிறுத்த முடியவில்லை. அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன்.

அடைக்கலம் டப்பாவை மடியில் வைத்துவிட்டு, வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான்.

"கத்தாதீங்க மாமா. சாவு வூடு."

நான் கையை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.